ஒற்றை விரல் ஸ்டீரிங்

என் வேனில் பவர் ஸ்டீரிங் பொருத்தி முடித்ததும் மெக்கானிக் முதலில் செய்த காரியம், என்னைக் கூப்பிட்டு ஒற்றை விரலைக் காட்டியதுதான். ஆவடி போகிற சாலையில் அவருடைய பட்டறை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. அவர் ஏறி உட்கார்ந்து, ஆள்காட்டி விரலை மட்டும் ஸ்டீரிங் வளையத்துக்குள் கொடுத்து, தோசை மாவைக் கரைப்பது போலச் சுற்றினார். முன் சக்கரங்கள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திரும்பின.

"பாத்தியாக்கா? வெண்ண மாதிரி கீது. இனிமே உனக்கு இன்னாத்துக்குத் தோளு வலிக்கப் போவுது?"

பட்டறையில் நின்றிருந்த ஆட்டோக்காரர்கள் இரண்டு மூன்று பேர் வந்து ஆளுக்கொரு விரல் விட்டுப் பார்த்தார்கள். ஒருவர் சுண்டு விரலிலேயே சுற்றிக் காட்டி எல்லோரிடமும் பாராட்டு வாங்கினார். எங்கள் பக்கத்தில் பவர் ஸ்டீரிங் வேலையை இப்படித்தான் பரீட்சை செய்வார்கள். நின்ற வண்டியில் எத்தனை லேசாகச் சுற்றுகிறதோ அத்தனை நல்ல மெக்கானிக். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, ஏதோ பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கிவிட்ட மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு விரல் விட்டுச் சுற்றினேன். சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நான் வேன் ஓட்டுகிறவள். அயனம்பாக்கத்தில் வீடு. காலையில் அயனம்பாக்கம், திருவேற்காடு, பூந்தமல்லி, நசரத்பேட்டை என்று வழிநெடுகப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய், செம்பரம்பாக்கம் பக்கத்தில் ஒரு கிடங்கில் இறக்கிவிடுவேன். சாயங்காலம் திரும்பக் கூட்டிவந்து அவரவர் வீட்டருகே விடுவேன். அங்கே அவர்களுக்குப் பெட்டி கட்டுகிற வேலை. அவர்களில் பாதிப் பேரின் அம்மாக்கள் அந்தப் பக்கத்து வயல்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இவர்கள் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிறார்கள். முதுகு வலி மட்டும் அப்படியே இருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

வண்டி பழையது. நான் வாங்கும்போதே இரண்டு கை மாறி வந்தது. அதன் பழைய ஸ்டீரிங்கைத் திருப்ப வேண்டுமானால் கை போதாது. தோள், இடுப்பு, சில சமயம் முழங்கால் வரை சேர வேண்டும். பூந்தமல்லியில் மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்துச் சாலையைச் சுருக்கியிருந்த காலத்தில், ஒரு வளைவு எடுப்பதற்குள் நான் இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிடுவேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆண் ஓட்டுநர்கள் சிலர் என் வண்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, எருமைய இட்டுக்கினு போறா மாதிரி கீது" என்று இறங்கிப் போயிருக்கிறார்கள்.

ஆனால் தோளுக்குப் பெருமை தெரியவில்லை. ஒருநாள் காலையில் கொண்டை போடக் கையைத் தூக்கினேன், காதுக்கு மேல் போகவில்லை. டாக்டர் இப்படியும் அப்படியும் முறுக்கிப் பார்த்துவிட்டு, வண்டி ஓட்டுவதை விட்டுவிடுங்கள் என்றார். மாத்திரையை ஒரு நாளைக்கு ஒன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து பாத்திரங்களை எல்லாம் சத்தமாகக் கழுவினேன்.

வண்டியை விட்டுவிட்டு நான் என்ன செய்வது? ஒரு மனுஷனுக்குச் சோறு வடித்து வைத்துவிட்டு மிச்ச நேரம் முழுக்க சீரியல் பார்ப்பதா? அந்த இருக்கையில் நான் உட்கார்ந்தால் நான் திரும்புகிற பக்கம் ஒரு வண்டிப் பெண்கள் திரும்புவார்கள். வீட்டில் ஒருவரும் அப்படித் திரும்புவதில்லை. அதிலிருந்து யார் வந்து இறங்கச் சொன்னாலும் இறங்குவதாக இல்லை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டே அழவும் செய்தேன்.

என் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் லேத்தில் வேலை செய்கிறார். அதிகம் பேச மாட்டார். நான் பாத்திரம் கழுவி முடிக்கும் வரை பொறுமையாக இருந்துவிட்டு, "உன்ன இன்னாத்துக்கு மாத்தணும்? ஸ்டீரிங்க மாத்திக்கலாம்" என்றார். அவரே நாலு இடத்தில் விசாரித்து, பழைய சாமான் கடையிலிருந்து ஒரு பம்பும் ஸ்டீரிங் பாக்ஸும் பிடித்துவந்தார். அதைத்தான் மெக்கானிக் பொருத்திவிட்டு விரல் காட்டினார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. என் வண்டிப் பெண்களுக்கு விஷயம் தெரிந்ததும் பூசை போடாமல் விட மாட்டோம் என்றார்கள். பூந்தமல்லியில் ஓரமாக நிறுத்தி, கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பழம் வைத்தது கதவோரத்துக்காரி. அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் அது. தள்ளுக் கதவை ஒட்டிய இருக்கை அவளுடையது. எல்லோரையும் ஏற்றி இறக்கிக் கதவைச் சாத்துகிற வேலையை அவளாகவே எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைவிடக் கொஞ்சம் சின்னவள், வாய் மட்டும் என்னைவிடப் பெரியது.

பழைய பழக்கம் என்ன என்றால், வண்டியில் ஏறும்போது ஸ்டீரிங்கைப் பிடித்துத்தான் நான் உடம்பைத் தூக்குவேன். அது அசையாத தூண் மாதிரி நிற்கும். அன்றும் எஞ்சினை ஓடவிட்டு, கீழே இறங்கிச் சாமி கும்பிட்டுவிட்டு, ஸ்டீரிங்கைப் பிடித்து ஏறினேன். அது விசுக்கென்று திரும்பியது. முன் சக்கரமும் கூடவே திரும்பி, அங்கே வைத்திருந்த பழத்தைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டது. நான் வண்டியை நகர்த்தியபோது மூன்று பழம் நசுங்கின. நாலாவது முழுசாக உருண்டு சாக்கடை ஓரம் போய் நின்றது.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பழம் தப்பிச்சிக்கிச்சுக்கா" என்றாள் கதவோரத்துக்காரி.

"தப்பிச்சா போவட்டும், ஏறு" என்றேன். ஆனால் அந்தப் பழத்தை நானும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

நசரத்பேட்டை தாண்டி நெடுஞ்சாலையில் கொஞ்சம் வேகம் எடுத்ததும்தான் புரிந்தது. பட்டறை வாசலில் வெண்ணெயாக இருந்தது இங்கே விலாங்கு மீனாக வழுக்கியது. ஒரு பள்ளத்தைத் தவிர்க்க லேசாக இடப்பக்கம் காட்டினேன், வண்டி பாதிச் சாலை தாண்டிப் போனது. சரி செய்ய வலப்பக்கம் இழுத்தேன், அந்தப் பக்கம் பாய்ந்தது. சாலை என்ன சொல்கிறது என்று கைக்கு ஒன்றுமே தெரியவில்லை. முன்பெல்லாம் சக்கரத்தின் கீழே ஒரு கல் வந்தாலும் உள்ளங்கைக்குத் தெரியும். இப்போது தண்ணீரில் துடுப்புப் போடுகிற மாதிரி இருந்தது. பக்கத்தில் ஒரு கண்டெய்னர் லாரி கடந்தபோது நான் மூச்சை நிறுத்திவிட்டேன்.

பின்னால் பேச்சு நின்றது. என் வண்டியில் பேச்சு நிற்கவே நிற்காது.

"இன்னாக்கா, தூளில குந்திகினு போறா மாதிரி கீது?" என்று யாரோ கேட்டார்கள்.

"புதுசுல்ல, கொஞ்ச நாள் ஆனா பழகிடும்" என்றேன்.

பழகவில்லை. நான் ஓட்டிய வேகத்தில் சைக்கிள்காரர்கள் தாண்டிப் போனார்கள். பெண்கள் தினமும் வேலைக்குத் தாமதமாகப் போய் மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கினார்கள். திட்டு வாங்கியவர்கள் என்னைத் திட்டவில்லை, அதற்குப் பதிலாகப் பரிகாரம் செய்தார்கள். கண்ணாடிக்கு மேலே எலுமிச்சையும் மிளகாயும் கட்டினார்கள். பின் கதவில் நாக்கை நீட்டிய திருஷ்டி பொம்மை வந்தது. முன் பக்கம் கறுப்புக் கயிறு. ஒருநாள் பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். பழம் தப்பியதுதான் காரணம் என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். பழம் ஏன் தப்பியது என்று யாரும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் முதல் நாளே பம்ப்பைப் பார்த்திருப்போம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பூசணிக்காய்க்குள் குங்குமம் போட்டவள் நான்.

என் பங்குக்கு நான் ஒரு தடித்த ரெக்சின் உறை வாங்கி ஸ்டீரிங்குக்கு மாட்டினேன். இறுக்கிப் பிடித்தால் அடங்கும் என்று கணக்கு. இறுக்கிப் பிடித்ததில் தோள் வலி போய் மணிக்கட்டு வலி வந்தது.

மெக்கானிக்கிடம் போனேன். அவர் வண்டியை வாங்கி, தெருமுனை வரை போய் வந்து, வாசலில் நிறுத்தி, மறுபடியும் அந்த விரலைக் காட்டினார்.

"வண்டில ஒண்ணியும் இல்லக்கா. சோக்கா கீது. உன் கைதான் கொஞ்சம் முரடு."

எனக்குக் கோபம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. "முரட்டுக் கையா? இந்தக் கைதான்பா இத்தினி வருஷம் ஒரு கீறல் இல்லாம ஓட்டிச்சு. உன் வெரல நீயே வச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் அதே கோபத்தை என் வீட்டுக்காரர் மேல் இறக்கினேன். அவர் பம்ப் வாங்கிய பாவத்துக்கு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"பழைய ஸ்டீரிங்கையே திருப்பி மாட்டிடச் சொல்லட்டா?" என்றார் கடைசியில்.

"மாட்டினா தோளு?"

அவர் சோற்றுப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தினார். எனக்குப் பதில் தெரியும். பழைய ஸ்டீரிங் என்றால் தோள் விடாது, புது ஸ்டீரிங் என்றால் பயம் விடாது. எப்படிப் பார்த்தாலும் அந்த இருக்கையிலிருந்து நான் இறங்க வேண்டியதுதான். அதைப் பேச இருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் எல்லோரையும் இறக்கிவிட்ட பிறகு கதவோரத்துக்காரி மட்டும் இருந்தாள். அவள் வீடு எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, கடைசியாக இறங்குகிறவள். இறங்காமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யக்கா, கோச்சிக்காத. நசரத்பேட்டைலேர்ந்து ஒரு புது வண்டி உடறாங்களாம். ஏசி வண்டி. பொண்ணுங்கல்லாம் பேசிகினு கீறாங்க."

"எந்தப் பொண்ணுங்க?"

"எல்லாந்தான்."

"நீயுமா?"

அவள் என் முகத்தைப் பார்க்காமல் கறுப்புக் கயிற்றைப் பார்த்தாள். "எனக்கு ரெண்டு பொண்ணுங்க கீதுக்கா. எனக்கு ஒண்ணு ஆச்சின்னா அதுங்க எங்க போவும்? இந்த வாரம் வரைக்கும் பாக்கலாம்னு சொல்லி வச்சிகீறேன். அதுக்கு மேல என் பேச்ச யாரும் கேக்கமாட்டாங்க."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை கூடத் தப்பில்லை. அதனால்தான் அத்தனை வலித்தது. நான் இனிமேல் பழக்கிக்கொள்கிறேன் என்று பொய் சொல்லவும் வாய் வரவில்லை. சரி போ என்று சொல்லிவிட்டு, வண்டியைத் தெருவில் நிறுத்திய பிறகும் இறங்காமல், ஸ்டீரிங்கில் தலையைச் சாய்த்து அழுதேன்.

எனக்கு ஒரு குணம் உண்டு. அழுது முடித்தால் வேகம் வந்துவிடும். மறுநாள் மதியமே பட்டறைக்குப் போனேன். "தம்பி, வண்டில ஏறு. செம்பரம்பாக்கம் வரைக்கும் போய் வரலாம்" என்றேன்.

"கொடுக்கா, நானே ஓட்றேன்."

"நீ ஓட்ட வாணாம். குந்து."

கிடங்கில் வேலை முடிந்து பெண்கள் வந்தார்கள். கதவோரத்துக்காரியைப் பின்னால் போகச் சொல்லிவிட்டு அவள் இடத்தில் மெக்கானிக்கை உட்காரவைத்தேன். இவர்தான் நம் வண்டிக்கு ஸ்டீரிங் போட்டவர் என்று அறிமுகமும் செய்தேன். பெண்கள் அவரை மேலும் கீழும் பார்த்தார்கள். அவர் செல்போனை எடுத்து அதையே பார்க்க ஆரம்பித்தார்.

நெடுஞ்சாலையில் ஏறினேன். நடிக்கவெல்லாம் இல்லை, எப்போதும் போலத்தான் ஓட்டினேன். சர்வீஸ் சாலையிலிருந்து ஒரு டூவீலர்க்காரன் தப்பான பக்கத்தில் எதிரே வந்தான். விலக்கினேன். வண்டி ஒரு துள்ளுத் துள்ளி அந்தப் பக்கம் போய், திரும்ப இந்தப் பக்கம் வந்தது. மெக்கானிக்கின் போன் கீழே விழுந்தது. அவர் கதவுக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பின்னாலிருந்து கதவோரத்துக்காரி கேட்டாள், "இன்னா தம்பி, வெண்ண மாதிரி கீதா?"

வண்டி முழுக்கச் சிரிப்பு. பூசை போட்ட நாளிலிருந்து அத்தனை பேரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான். மெக்கானிக்கும் சிரித்தார், ஆனால் கம்பியை விடவில்லை. பூந்தமல்லியில் பாதிப் பேர் இறங்கிய பிறகு அவரே கேட்டு ஸ்டீரிங்கை வாங்கினார். வெளிவட்டச் சாலை பக்கம் திருப்பி, வேகம் எடுத்துப் பார்த்தார். அவர் கையிலும் வண்டி ஆடியது. என் கையில் துள்ளிய மாதிரி துள்ளவில்லை, ஆனால் ஆடியது. ஓரமாக நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"தப்பு என்னுதுதாங்க்கா. நின்னுகினே சுத்திப் பாத்துட்டேன். ஓட்டிப் பாக்கவே இல்ல. இந்தப் பம்ப்பு பெரிய லோடு வண்டியோடதா இருக்கும்போல. ஆனைக்குப் போடறத ஆட்டுக்குட்டிக்குப் போட்டுட்டோம்."

அவர் அப்படி நேராக ஒத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருந்தது. கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. மிச்சப் பாதியைத் தேவைப்பட்டால் பயன்படுத்தலாம் என்று வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டு வாசலுக்கே பெட்டியோடு வந்தார். பம்ப்புக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரிகிற மாதிரி என் வீட்டுக்காரர் சொன்னார். உள்ளே ஒரு சின்ன வால்வு, அதை ஒரு சுருள் அழுத்திக்கொண்டிருக்கும். எண்ணெயின் அழுத்தம் ஓர் அளவுக்கு மேல் போனால் வால்வு திறந்து எண்ணெயைத் திருப்பி அனுப்பிவிடும். குக்கர் விசில் மாதிரி. இந்தப் பம்ப்பில் அந்த விசில் ரொம்பத் தாமதமாக அடிக்கிறது. அதனால் எனக்கு வேண்டிய உதவிக்கு மேல் உதவி செய்கிறது. வால்வின் மூடிக்கு அடியில் மெல்லிய வாஷர் போட்டால் மூடி கொஞ்சம் உயரும், சுருள் தளரும், விசில் சீக்கிரம் அடிக்கும்.

"அதிகமா ஒத்தாச பண்றவங்களும் தொல்லதான்" என்றேன் அவரைப் பார்த்து. பம்ப் வாங்கித் தந்தவர் அவர்தானே. அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

எத்தனை வாஷர் போட வேண்டும் என்று இருவருக்கும் தெரியவில்லை. லோடு வண்டிப் பம்ப்பை என் வேனில் போட்ட ஆள் இதற்கு முன் இருந்திருந்தால்தானே தெரியும்? அதனால் ஒன்று போடுவது, நான் ஏரியை ஒட்டிய சாலையில் ஒரு நடை ஓட்டிவிட்டு வருவது, வந்து சொல்வது என்று வைத்துக்கொண்டோம். என் வீட்டுக்காரர் தன் பட்டறையில் தேய்த்துத் தேய்த்து மெலிதாக்கிய வாஷர்களைத் தாளில் மடித்துவைத்திருந்தார்.

முதல் வாஷருக்கு ஒரு மாற்றமும் இல்லை. இன்னொன்று போட்டதும் ஆட்டம் கொஞ்சம் அடங்கியது. அடுத்ததற்கு இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு முறையும் நான் வந்து நிறுத்தியதும் எண்ணெய் அப்பிய கையோடு இரண்டு பேரும் ஜன்னலுக்கு வந்து, "கை இன்னா சொல்லுது?" என்று கேட்டார்கள். என் கை என்ன சொல்கிறது என்று யாரும் என்னை அதுவரை கேட்டதில்லை. முரட்டுக் கை என்றவரே இப்போது அதன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வேண்டுமென்றே கொஞ்சம் யோசித்து யோசித்துச் சொன்னேன்.

உற்சாகத்தில் என் வீட்டுக்காரர் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுவிட்டார். ஏரி வளைவில் திருப்பினேன், தோளில் அந்தப் பழைய ஊசி குத்தியது. திரும்பி வந்து ஒன்றை எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டு, என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் மெதுவாகச் சொன்னார்.

"அந்த ரெக்சின் உறையக் கழட்டிடு. கையும் கொஞ்சம் லேசா வையி. அது எங்கயும் ஓடிடாது."

"நீ லேத்த இப்படித்தான் கொஞ்சுவியா?"

"லேத்தக் கொஞ்சித்தான் ஓட்டணும்."

உறையைக் கழற்றினோம். கையைத் தளர்த்தினேன். பழைய ஸ்டீரிங்கோடு மல்லுக்கட்டிய பலம் முழுக்க என் கையில் இன்னும் இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஸ்டீரிங் மேலேயே போட்டுக்கொண்டிருந்தேன். மெக்கானிக் சொன்னதில் பாதி உண்மைதான். அதை அவரிடம் நான் சொல்லவில்லை, சொல்கிற உத்தேசமும் இல்லை. ஏரிக்கரை வளைவில் வண்டி நான் காட்டிய அளவுக்குத் திரும்பி, வளைவு முடிந்ததும் தானாக நேருக்கு வந்தது. ஒரு சின்னக் கல் சக்கரத்தின் கீழே போனது உள்ளங்கையில் தெரிந்தது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவர் பயந்துபோய் என்ன என்று கேட்டார். கல் என்றேன்.

இப்போது நின்ற வண்டியில் ஒற்றை விரலால் சுற்ற முடியாது. ஒருமுறை எண்ணெய் பார்க்கப் பட்டறைக்குப் போனபோது ஆட்டோக்காரர் ஒருவர் விரல் விட்டுப் பார்த்துவிட்டு, "இன்னா தலைவா, டைட்டா கீது, கை வுட்டுடுச்சா உனுக்கு?" என்று மெக்கானிக்கைக் கிண்டல் செய்தார். மெக்கானிக் ரோஷத்தோடு, "ஓட்டிப் பாத்துட்டுப் பேசு" என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வாஷர் போட்ட ஞாயிற்றுக்கு மறுநாள், திங்கட்கிழமை, பெண்கள் ஏறினார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நசரத்பேட்டை வரை எல்லோரும் அவரவர் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்ச தூரம் போன பிறகு யாரோ மாமியாரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். இன்னொருத்தி மறுத்தாள். கொஞ்ச நேரத்தில் காது கொடுத்துக் கேட்க முடியாத சத்தம். கண்ணாடியில் பார்த்தேன், ஒரு கையும் கம்பியில் இல்லை. எல்லாக் கையும் பேசிக்கொண்டிருந்தது. அன்று சரியான நேரத்துக்குப் போய் இறக்கினேன்.

ஏசி வண்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் மனசுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. ஒருவேளை இந்த வாரக் கடைசிக்குள் சொல்வார்களோ, நசரத்பேட்டையில் யாராவது ஏறாமல் நின்றுவிடுவார்களோ என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ணினேன்.

சனிக்கிழமை கிடங்கில் வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. பெண்கள் ஏறவில்லை. வண்டியைச் சுற்றி நின்றுகொண்டு ஒருத்தியை ஒருத்தி இடித்தார்கள். கதவோரத்துக்காரி மட்டும் முன்னால் வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்தாள். சரி, வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"யக்கா, எனக்கு ஓட்டக் கத்துக்குடு."

எனக்குக் காதில் விழுந்தது, புரியவில்லை.

"இன்னாமே சொல்ற?"

"அன்னிக்கு உன்னாண்ட பேசிட்டுப் போய் ராவெல்லாம் தூக்கமே வர்லக்கா. உனுக்கு நாளைக்கே தோளு புடிச்சிக்கிச்சின்னா நாங்க இன்னா பண்ணுவோம்? கண்டவன் வண்டில ஏறி, அவன் போடற பாட்டக் கேட்டுகினு, வாய மூடிக்கினு வரணும். எங்களால ஆவாது. எல்லாரும் பேசிட்டோம். நீ படுத்தா நான் ஓட்றேன். நீ எந்திரிச்சதும் உன் சீட்டு உனுக்கு. இப்பதான் இது எங்க கைக்கும் திரும்பற மாதிரி ஆயிடுச்சில்ல?"

வாரம் முழுக்க நான் தலை எண்ணிக்கொண்டிருந்தபோது இவர்கள் இதைத்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். என்னை அந்த இருக்கையிலிருந்து தூக்கி எறியப்போகிறார்கள் என்று பயந்தேன். அவர்களோ, அதை எனக்காகக் காவல் காக்க ஆள் நிறுத்தப் பார்த்தார்கள்.

"லைசென்ஸ் எடுக்கணும். பேட்ஜ் எடுக்கணும். சும்மா இல்ல" என்று கறாராகச் சொன்னேன். கறாராகச் சொல்லாவிட்டால் அழுதிருப்பேன்.

"எடுத்துட்டாப் போச்சி."

கிடங்குக்குப் பின்னால் ஒரு மனைப்பிரிவு. தார்ச்சாலை போட்டு, கல் நட்டு, தெருவுக்குப் பெயர்ப்பலகை கூட வைத்திருக்கிறார்கள், வீடு ஒன்றும் இல்லை. வண்டியை அங்கே கொண்டுபோனேன். மற்றவர்கள் இறங்கி மனைக்கல்லுக்கு ஒருத்தியாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கத் தயாரானார்கள். நான் எஞ்சினை நிறுத்தாமல் இறங்கினேன். வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் இடப்பக்கம் ஏறினேன். அந்தப் பக்கத்திலிருந்து என் வண்டி எப்படி இருக்கும் என்று அதுவரை நான் பார்த்ததே இல்லை.

அவள் இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டு, ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள். கையை லேசாக வை, அது எங்கேயும் ஓடிவிடாது என்றேன். கிளட்சை விட்டாள். வண்டி உதறிக்கொண்டு கிளம்பியது. முதல் தெரு முனையில் பயந்துகொண்டே திருப்பினாள், திரும்பியது. என் கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது.

"யக்கா, பின்னாடி பாரு, அவளுங்க எல்லாம் கை தட்றாளுங்க!"

"நீ பின்னாடி பாக்காத. ரோட்டப் பாருடி!" என்று கத்தினேன். எனக்கும் அப்போது சாலை சரியாகத் தெரியவில்லை, கண்ணில் நீர் நிறைந்திருந்தது.